மருத்துவமனை வாசலுக்கு வெளியே தொடங்கும் மீட்சி

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சில வாரங்களாக அவருக்கு உறக்கம் இல்லை. விடுதி நண்பர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறார். கைப்பேசியை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அதை அணைத்து வைக்கிறார். தேர்வுக்குச் செல்லவில்லை. வீட்டுக்கு அழைத்து வரப்பட்ட பிறகும் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. காதல் தோல்வியாக இருக்குமோ என்று பெற்றோர் ஐயுறுகிறார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். மந்திரித்த கயிறு கட்டப்படுகிறது. கோயில், தர்கா, குறி சொல்பவர் என்று மாதங்கள் கழிகின்றன. ஆளில்லாத அறையில் மகன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பதைத் தாய் பார்க்கிறார். வெளியில் சொல்ல அஞ்சுகிறார். ஓர் இரவு, சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டை வீசிவிட்டுத் தெருவில் ஓடியபோதுதான், அக்கம்பக்கத்தார் துணையோடு அவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார்.

மூன்று வாரங்களில் குரல்கள் அடங்குகின்றன. அச்சம் தணிகிறது. ‘மாத்திரையை விடாமல் கொடுங்கள், அடுத்த மாதம் வாருங்கள்’ என்ற அறிவுரையுடன் வீட்டுக்கு அனுப்பிவைக்கப்படுகிறார்.

இது தனியொருவரின் கதை இல்லை. ஊரையும் வயதையும் சற்றே மாற்றினால், மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் எந்த நாளிலும் கேட்கக்கூடிய கதை. நம்முடைய ஏற்பாடுகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்த இளைஞருக்கோ, இனிமேல்தான் எல்லாம் தொடங்குகிறது. அவர் கல்லூரிக்குத் திரும்புவாரா, மாத்திரையைத் தொடர்வாரா, நண்பர்கள் அவரை ஏற்பார்களா, நோய் மீண்டும் வருமா என்பதெல்லாம் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்மானமாகிவிடும். அந்த ஆண்டுகளில் அவருக்கு யார் துணை என்ற கேள்விக்கு நம் பொதுச் சுகாதார அமைப்பிடம் இன்னும் தெளிவான பதில் இல்லை.

வசைச்சொல்லாகிப்போன நோய்

இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகங்கள் அசைக்க முடியாத நம்பிக்கைகளாக மாறுவது, எண்ணங்கள் கோவையிழந்து பேச்சு சிதறுவது ஆகியவற்றை ஒருசேரக் குறிக்கும் பெயர்தான் ‘சைக்கோசிஸ்’. நனவுக்கும் கற்பனைக்கும் இடையிலான எல்லை தற்காலிகமாகக் கலைந்துபோகும் நிலை என்று இதைச் சொல்லலாம். இது ஒரு தனி நோயின் பெயர் இல்லை. காய்ச்சலைப்போலப் பல நோய்களின் வெளிப்பாடு. மனச்சிதைவு நோயிலும் இருமுனை மனநோயிலும் தீவிர மனச்சோர்விலும் இது வரலாம். பிரசவித்த சில நாள்களில் சில பெண்களுக்கு வரலாம். கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள்கள் இதைத் தூண்டலாம். மூளைக் காய்ச்சல், வலிப்பு போன்ற உடல்நோய்களாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம் என்பதால்தான் தொடக்கத்திலேயே மருத்துவப் பரிசோதனை இன்றியமையாததாகிறது.

நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலையை எதிர்கொள்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும்தான் முதல் தாக்குதல் நிகழ்கிறது. படிப்பு, வேலை, திருமணம் என்று வாழ்க்கை உருப்பெறுகிற வயது அது. அந்த வயதில் இழக்கப்படும் இரண்டு ஆண்டுகளின் இழப்பு, ஐம்பது வயதில் இழக்கப்படும் இரண்டு ஆண்டுகளின் இழப்பைவிடப் பன்மடங்கு பெரியது.

ஆனால், நம் பேச்சுவழக்கில் இந்த நோய்க்கு இடம் வேறு. ‘சைக்கோ’ என்பது கொடூரக் கொலைகாரனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொன்னாலே கேலி புரிந்துவிடும். 1794இல் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மனநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்துவரும் ஒரு நிறுவனம் ஊரின் பெயரையே வசையாக மாற்றிவிட்டது. 2005இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ ஆகிய இரு படங்களும் ஒரே மனிதருக்குள் வேறோர் ஆள் குடியிருப்பதாகக் காட்டின. மனச்சிதைவு நோய்க்கும் அந்தச் சித்திரிப்புக்கும் தொடர்பில்லை. எனினும், மகனுக்கு இந்த நோய் என்று மருத்துவர் சொல்லும் கணத்தில் பெற்றோரின் மனக்கண்ணில் ஓடுவது அந்தப் படங்கள்தான். உண்மையில் இந்நோய்க்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறரைத் தாக்குபவர்கள் அல்லர், அச்சத்தில் ஒடுங்கியிருப்பவர்கள். முதல் தாக்குதலைத் தொடர்ந்துவரும் மாதங்களில் அவர்கள் தம்மையே மாய்த்துக்கொள்ளும் ஆபத்துதான் மிகுதி.

தாமதத்தின் விலை

முதல் அறிகுறிக்கும் முதல் முறையான சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலத்தை மனநல ஆய்வாளர்கள் கவனமாக அளக்கிறார்கள். அந்த இடைவெளி நீள நீள, சிகிச்சையின் பலன் குறைகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு.

இந்த இடைவெளியைக் குறைக்க முடியுமா? நார்வேயின் ரோகாலான்ட் பகுதியில் 1997 முதல் மேற்கொள்ளப்பட்ட முயற்சி இதற்கு விடை தந்தது. நாளிதழ், வானொலி, திரையரங்க விளம்பரங்கள், பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி, அழைத்தால் விரைந்து வரும் மருத்துவக் குழு ஆகியவற்றின் மூலம் நோயின் தொடக்க அறிகுறிகளை மக்களிடம் கொண்டுசேர்த்தார்கள். சிகிச்சையற்ற காலத்தின் இடைநிலை அளவு, ஒப்பீட்டுப் பகுதிகளில் 16 வாரங்களாக இருந்தபோது அங்கே 5 வாரங்களாகக் குறைந்தது. பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே கண்டறியும் ஏற்பாடு இருந்த பகுதிகளில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் முழு மீட்சி பெற்றிருந்தனர். மற்ற பகுதிகளில் அது 15 விழுக்காடு. விளம்பரங்களை நிறுத்தியதும் இடைவெளி மீண்டும் கூடியது என்பதும் அதே ஆய்வின் பாடம். விழிப்புணர்வு என்பது ஒருநாள் பேரணியோடு முடிவதில்லை.

இந்தியாவின் நிலை என்ன? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, தீவிர மனநோய்க்கு ஆளானவர்களில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை பெறாமலேயே இருந்தனர். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. எனவே, முதல் அறிகுறியைக் கண்ட குடும்பம் கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நள்ளிரவிலும் திறந்திருக்கும் கதவு, பணம் கேட்காத இடம், பைத்தியம் என்று பெயர் சூட்டாத சூழல் ஆகியவை அங்கே கிடைக்கின்றன. 

அந்த நம்பிக்கை சுரண்டப்படும்போது நேரும் கொடுமையையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பிக்க வழியின்றிக் கருகினர். அந்தத் துயரத்துக்குப் பிறகு, வழிபாட்டையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்தாமல் வழிபாட்டிடத்துக்கே மருத்துவரை அனுப்பும் அணுகுமுறை குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் தொடங்கி, ஏர்வாடிக்கும் வந்தது. பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் தொடரட்டும் என்ற இந்த அணுகுமுறை பரவலானால், மருத்துவரிடம் வந்து சேரும் காலம் வெகுவாகக் குறையும்.

உலகம் கற்றுக்கொண்ட பாடம்

முதல் முறை பாதிக்கப்படும் இளைஞர்களை, பல ஆண்டுகளாக நோயுற்றிருப்பவர்களோடு ஒரே கூடத்தில் வைத்துச் சிகிச்சையளிப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இருபது வயது இளைஞர் அங்கே காண்பது, முப்பது ஆண்டுகளாக அதே கூடத்தில் இருக்கும் ஒருவரை. தன் எதிர்காலமும் அதுதான் என்று அவர் நம்பத் தொடங்குகிறார். இதை மாற்ற வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பேட்ரிக் மெக்கோரி தலைமையிலான குழு, 1992இல் இளைஞர்களுக்கெனத் தனிச் சேவையைத் தொடங்கியது. குறைந்த அளவு மருந்து, குடும்பத்துக்கு ஆலோசனை, படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப உதவி, இவை அனைத்தையும் ஒருங்கிணைக்கும் ஒரு பொறுப்பாளர் என்பதே அதன் வடிவம்.

இங்கிலாந்து 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இத்தகைய குழுக்களை நாடெங்கும் அமைத்தது. முதல் முறை பாதிக்கப்பட்டவர்களில் குறைந்தது பாதிப் பேருக்கு, பரிந்துரை வந்த இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது அங்கே 2016 ஏப்ரல் முதல் அளவுகோலாக்கப்பட்டது. புற்றுநோய்க்கு இருப்பதைப் போன்ற காலக்கெடு மனநோய்க்கும் வந்தது. 

அமெரிக்காவில் 21 மாநிலங்களின் 34 மையங்களில் 404 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. மருந்தோடு குடும்ப ஆலோசனை, உளவியல் சிகிச்சை, கல்வி-வேலை உதவி ஆகியவற்றையும் சேர்த்துப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. சீக்கிரம் வந்தவர்களிடம் அந்தப் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. அந்த வசதி மிக்க நாட்டிலும் சிகிச்சையற்ற காலத்தின் இடைநிலை அளவு 74 வாரங்கள் என்பதையும் அந்த ஆய்வு வெளிப்படுத்தியது. பணத்தால் மட்டும் தாமதம் நீங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சென்னை சொல்லும் சான்று

இவற்றை வெளிநாட்டு உதாரணங்கள் என்று தள்ளிவிடத் தேவையில்லை. இத்துறையில் சென்னைக்குத் தனி வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரும் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவருமான சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு நோய் ஆய்வு மையமான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவினார். நோயாளிக்கு மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்பதை நாடு பேசத் தொடங்கும் முன்பே செயல்படுத்தியவர் அவர்.

1980களின் தொடக்கத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு முதல் முறையாக மனச்சிதைவு நோயுடன் வந்த 90 பேரை, ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தனர். மருத்துவ உலகில் ‘மெட்ராஸ் நீள்கால ஆய்வு’ என்று அறியப்படும் அந்த முயற்சி, இந்நோய் வந்தால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தகர்த்தது. பத்தாண்டு முடிவில் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நல்ல முன்னேற்றத்துடன் இருந்தனர். ஆண்களில் மிகுதியானோர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தனர்.

அண்மைக் காலத்தில் ஸ்கார்ஃப், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, முதல் முறை பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரே மாதிரியான சேவையைச் சென்னையிலும் மாண்ட்ரியாலிலும் இரண்டு ஆண்டுகள் வழங்கி ஒப்பிட்டது. 2020இல் வெளியான முடிவுகளின்படி, குரல்கள், சந்தேகங்கள் போன்ற அறிகுறிகள் இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தன. ஆனால், எதிலும் நாட்டமின்மை, பேச்சுக் குறைவு, உணர்ச்சி வறட்சி போன்ற, மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத அறிகுறிகளில் சென்னை நோயாளிகளே கூடுதல் முன்னேற்றம் கண்டனர். செல்வமும் மருத்துவ வசதியும் மிக்க நகரத்தைச் சென்னை விஞ்சியது எப்படி? சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையோடு மிக நெருக்கமாகவும் நீண்ட காலமும் இணைந்திருந்தன என்பதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகக் கருதுகின்றனர்.

மகனை எழுப்பிக் குளிக்கச் சொல்லும் தாய், மாத்திரையை எண்ணி வைக்கும் தங்கை, கடைக்குத் துணைக்கு அழைத்துப்போகும் சித்தப்பா ஆகியோர் எந்த மருத்துவக் குறிப்பேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆனால், அளந்து பார்த்தால் அவர்களின் உழைப்புக்கு மருந்துக்கு நிகரான மதிப்பு இருக்கிறது. பெருமை கொள்ளத்தக்க செய்திதான். அதே வேளை, இதற்குள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்தக் குடும்பங்கள் தனித்து விடப்படவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். சந்தேகம் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண் இருந்தது. நோய் என்ன, மருந்து ஏன் என்று பொறுமையாக விளக்க ஆள் இருந்தார். குடும்பம்தான் பலம் என்று சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள இந்த ஆய்வு இடம் தரவில்லை. கூட்டுக் குடும்பம் சுருங்கி, தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில், அல்லது எழுபது வயது விதவைத் தாயும் மகனும் மட்டுமே உள்ள வீட்டில், அந்தப் பலம் எத்தனை நாள் தாங்கும்?

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்கள் இடறும் இடங்கள் எவை என்பது மனநலத் துறையினருக்கு நன்றாகவே தெரியும். 

முதலாவது, மருந்து. நான்கைந்து மாதங்களில் ஆள் பழையபடி ஆகிவிடுகிறார். ‘நல்லாயிட்டான், இன்னும் எதற்கு மாத்திரை?’ என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. முதல் மனச்சிதைவுத் தாக்குதலிலிருந்து தேறிய 104 பேரைக் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. ஐந்தாண்டுகளுக்குள் ஐந்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மீள்வது முன்னைவிடக் கடினமாகிறது. ஆகவேதான், அறிகுறிகள் நீங்கிய பிறகும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மருந்து தொடர வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஆனால், மாத்திரையை நிறுத்துபவரைக் குற்றம் சொல்வதற்கு முன் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். காலையில் எழ முடியாத தூக்கக்கலக்கம், சில மாதங்களில் பத்துக் கிலோ கூடும் எடை, கைந்நடுக்கம், நின்றுபோகும் மாதவிடாய், வெளியில் சொல்லக் கூசும் பாலியல் சிக்கல்கள் என்று இந்த மருந்துகளுக்குப் பக்கவிளைவுகள் உண்டு. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், மாதம் ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். இவை அனைத்துக்கும் வழி இருக்கிறது. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் மூன்று நான்கு நிமிடங்களில் இதைப் பேசத்தான் வழி இல்லை. பேச முடியாதவர், மருந்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்.

இரண்டாவது, படிப்பும் வேலையும். ஒரு பருவத்தேர்வைத் தவறவிட்ட மாணவர் வகுப்புக்குத் திரும்பும்போது வருகைப்பதிவுக் குறைவு, நிலுவைப் பாடங்கள், விடுதியில் மீண்டும் இடம் தர மறுப்பு ஆகியவை காத்திருக்கின்றன. டெங்குவாலோ விபத்தாலோ விடுப்பு எடுத்தவருக்குக் கிடைக்கும் பரிவு இவருக்குக் கிடைப்பதில்லை. காரணத்தைச் சொன்னால் கல்லூரி தயங்குகிறது. சொல்லாவிட்டால் சலுகை இல்லை. பலரும் பொய்ச் சான்றிதழோடு திரும்புகிறார்கள் அல்லது திரும்புவதே இல்லை. 

மூன்றாவது, திருமணம். ‘கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்’ என்ற பழைய நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. நோயை மறைத்து நடக்கும் திருமணத்தில் மாத்திரையும் மறைக்கப்படுகிறது, பிறகு நிறுத்தப்படுகிறது. நோய் திரும்பும்போது ஏமாற்றப்பட்ட துணையின் கோபமும் சேர்ந்துகொள்கிறது. பெண்ணாக இருந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கப்படுகிறார். கணவரால் கைவிடப்பட்டு முதிய பெற்றோரின் பொறுப்பில் வாழும் இத்தகைய பெண்களின் நிலையைச் சென்னை ஆய்வாளர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

நான்காவது, வீட்டுச் சூழல். ஓயாத குறைகூறலும் எரிச்சலும் நிறைந்த வீட்டில் நோய் விரைவில் திரும்புகிறது என்பதை லண்டனில் தொடங்கிச் சண்டீகர் வரை நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பிற்பகல்வரை படுத்திருக்கும் மகனைச் சோம்பேறி என்று திட்டும் தந்தைக்கு, அது நோயின் எச்சம் அல்லது மருந்தின் விளைவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லப்பட்ட வீட்டில் திட்டு குறைகிறது. 

எழுத்தில் உள்ள உரிமைகள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியுதவி பெறும் மையங்களில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்தது. நோய் மீண்டும் வந்தால் தனக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் வழிசெய்தது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பணியில் இருக்கும்போது குறைபாட்டுக்கு ஆளாகும் அரசு ஊழியரை அக்காரணத்தால் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அரசு வேலைவாய்ப்பில் மனநோயாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்த்து ஒரு விழுக்காடு ஒதுக்கீடும் அளிக்கிறது.

உலகின் முற்போக்கான மனநலச் சட்டங்களின் வரிசையில் வைக்கத்தக்கவை இவை. ஆனால், முதல் முறை நோயுற்று வீடு திரும்பும் ஒருவரிடம் இந்த உரிமைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. முன்கூட்டிய விருப்ப ஆவணம் எழுதுவதற்கு மிகப் பொருத்தமான காலம், முதல் தாக்குதலிலிருந்து தெளிந்த காலம். தன்னை எப்படி நடத்தினார்கள், எது வலித்தது, எது உதவியது என்பது அவருக்கு அப்போதுதான் நன்றாக நினைவிருக்கும்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி, அதில் மனநலத் துறை இருக்கின்றன. நாடு முழுவதுக்குமான ‘டெலி மானஸ்’ தொலைபேசி ஆலோசனை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டு, 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. இருப்பவற்றை இணைக்கும் கண்ணிகளே இப்போதைய தேவை.

முதலில், ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் முதல் முறை பாதிக்கப்படும் இளைஞர்களுக்கென வாரத்தில் சில நாள்களேனும் தனிப் பிரிவு இயங்க வேண்டும். அங்கு வரும் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு பொறுப்பாளர் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் நடந்து 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று அளிக்கும் ஆதரவு, மருத்துவமனைச் சிகிச்சையோடு சேரும்போது கூடுதல் பலன் தருவதைக் காட்டியது. பலன் பிரமிக்கத்தக்க அளவில் இல்லை. ஆனால், உறுதியானது, நம்மால் இயலக்கூடியது.

அடுத்து, மருந்து வீட்டருகே கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. மனநல மருந்துகளும் அதே கைகளால் அதே வாசலுக்கு முழுமையாக வந்து சேர வேண்டும். தினக்கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, மாவட்டத் தலைநகரில் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதாலேயே சிகிச்சையைக் கைவிடுபவர்கள் பலர். புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்து ஒன்றில் தொலைமருத்துவ வசதியையும் மருந்தையும் கொண்டுசென்ற ஸ்கார்ஃபின் அனுபவம், தூரத்தைக் கடக்க முடியும் என்பதற்கு உள்ளூர்ச் சான்று.

மூன்றாவதாக, பல்கலைக்கழகங்கள் மனநலக் காரணங்களுக்கான விடுப்பையும் மறுசேர்க்கையையும் விதியாக்க வேண்டும். நோயின் பெயரைக் கேட்காமல், மருத்துவச் சான்றின் அடிப்படையில் ஓர் ஆண்டுவரை இடைவெளி, குறைந்த பாடங்களுடன் திரும்பும் வாய்ப்பு, ஒரு வழிகாட்டி ஆசிரியர் ஆகியவை போதும். பெரும் செலவில்லாத இந்த ஏற்பாடு, ஒரு பட்டத்தையும் அதன் வழியே ஒரு வாழ்க்கையையும் காப்பாற்றும்.

நான்காவதாக, குடும்பங்களுக்கு ஆதரவுக் குழுக்கள் வேண்டும். இதே நிலையைக் கடந்துவந்த வேறொரு தாயிடம் பேசுவது தரும் தெளிவை எந்தத் துண்டறிக்கையும் தராது.

இறுதியாக, அளவிடும் முறை மாற வேண்டும். எத்தனை படுக்கைகள், எத்தனை புறநோயாளிகள், எத்தனை மாத்திரைகள் என்றே நம் அறிக்கைகள் கணக்கிடுகின்றன. முதல் முறை பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் எத்தனை வாரங்களுக்குள் சிகிச்சைக்கு வந்தார்கள், இரண்டு ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் படிப்பிலோ வேலையிலோ இருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். எண்ணப்படாதது திட்டத்தில் இடம்பெறாது.

மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ‘பழையபடி ஆகிவிடுவானா?’ நேர்மையான பதில் இது: பலர் ஆகிறார்கள், சிலர் மருந்தோடு நன்றாக வாழ்கிறார்கள், சிலருக்குப் போராட்டம் நீள்கிறது. எந்தப் பாதை யாருக்கு வாய்க்கும் என்பதை நோயின் தன்மை ஓரளவு தீர்மானிக்கிறது. எத்தனை சீக்கிரம் சிகிச்சை கிடைத்தது, வீடு திரும்பிய பின் யார் உடன் நின்றார்கள் என்பவையும் தீர்மானிக்கின்றன. முதலாவது நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன. அடுத்த பருவத்தில் அந்த மாணவருக்காக வகுப்பறையில் ஓர் இருக்கை காலியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதில்தான் நம் மனநலக் கொள்கையின் உண்மையான மதிப்பெண் இருக்கிறது.